உசரத்தைப் பார்த்து ஏமாந்தேன்: கன்று மரத்துக்கு எரு எங்கே, எவ்வளவு?

நட்டுப் பதினாறு மாசம், இருபத்திரண்டு அடி உசரம். எங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று இதைச் சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் மூன்று இளைஞர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்து மரங்களைப் பார்த்தார்கள். என்ன போட்டேன், எவ்வளவு போட்டேன் என்று கைபேசியில் குறித்துக்கொண்டு போனார்கள். சரியாக இரண்டு மாசம் கழித்து அந்த மரங்களில் பாதி தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தன. அந்தக் கைதட்டலுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்க காடு ராசிபுரத்துக்கும் வையப்பமலைக்கும் நடுவில் இருக்கிறது. மூன்றரை ஏக்கர், ஒரு கிணறு, இரண்டு போர். அதில் ஒன்று எப்போதோ வறண்டுவிட்டது. மேல்மண் செவ்வல். இரண்டு அடி தோண்டினால் சுக்கான், அதற்குக் கீழே பாறை. பன்னிரண்டு வருசம் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று சுற்றியவன் நான். பூமிக்குக் கீழே ஆயிரம் அடியில் என்ன இருக்கிறது என்று கல்லின் தூளைக் கையில் தேய்த்துச் சொல்லிவிடுவேன். மேலே இருக்கும் இரண்டு அடியைத்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

ஊருக்குத் திரும்பி வந்து பண்ணையம் ஆரம்பித்ததும் ஒரு முடிவோடுதான் ஆரம்பித்தேன். யூரியா, பொட்டாஷ், பூச்சிமருந்து எதுவும் காட்டுக்குள் வரக்கூடாது. இரண்டு ஏக்கரில் கடலை, சோளம், குச்சிக்கிழங்கு. மீதி ஒன்றரை ஏக்கரில் மலைவேம்பு. மூத்தவள் அப்போது பத்தாவது. அவள் படிப்பை முடித்துக் கல்யாணம் என்று வரும்போது மரம் வெட்டுக்கு வந்துவிடும் என்பது கணக்கு. இந்தக் கணக்கைப் போடாமல் நம் பக்கத்தில் யாரும் மரம் வைப்பதில்லை. ‘சீக்கிரம் வளரணும்’ என்ற அவசரமும் அந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

இரண்டு டிப்பர் கோழிக் குப்பை

பத்துக்குப் பத்து அடி இடைவெளியில் அறுநூறு கன்று. ஐப்பசியில் நட்டேன். டிராக்டரில் மாட்டும் ஆகர் வைத்து ஒரே நாளில் குழி போட்டாயிற்று. எருவுக்கு என்ன செய்வது? என்னிடம் மாடு இரண்டுதான். அதன் குப்பை கடலைக்காட்டுக்கே பத்தாது. நாமக்கல் மாவட்டத்தில் எருவுக்குப் பஞ்சம் என்றால் யாரும் சிரிப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டைக்கோழிப் பண்ணை. கூண்டுக்குக் கீழே மலைமாதிரி குவிந்து கிடக்கிறது. பண்ணைக்காரருக்கும் அதை அள்ளினால் போதும் என்றிருக்கும். அரைகுறையாகக் காய்ந்த குப்பை இரண்டு டிப்பர் வந்து இறங்கியது. குழிக்குப் பத்து கிலோ போட்டு, மண்ணைக் கலந்து நட்டேன். அடுத்த ஆடியில் இன்னும் இரண்டு டிப்பர். இந்த முறை தூரைச் சுற்றிப் பத்துப் பத்து கிலோ கொட்டி, சொட்டுநீர்க் குழாயையும் தூரை ஒட்டியே வைத்தேன்.

மரம் எப்படி வந்தது என்கிறீர்கள்! காலையில் பார்த்ததற்கும் சாயங்காலம் பார்த்ததற்கும் வித்தியாசம் தெரிகிற மாதிரி இருந்தது. இலை ஒவ்வொன்றும் கரும்பச்சை. கணுவுக்குக் கணு இடைவெளி ஒரு சாண். வழியில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஒல்லியாகத்தான் இருந்தது, ஆடவும் செய்தது. அதற்கு மூங்கில் குச்சி நட்டுக் கட்டினேன். ஆடி அடங்கியதும் பெருமை இன்னும் ஏறியது.

குச்சியைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் நீல், ஹாரிஸ் என்ற இரண்டு பேர் 1971இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரே வகைக் கன்றுகளில் சிலவற்றைத் தினம் 30 விநாடி கையால் பிடித்து ஆட்டினார்கள், மற்றவற்றைச் சும்மா விட்டார்கள். ஆட்டிய கன்றுகள் உசரத்தில் மிகவும் குட்டையாக நின்றன. காற்றில் ஆட ஆடத்தான் மரம் உசரம் போவதைக் குறைத்துக்கொண்டு தண்டைத் தடிக்க வைக்கிறது. இறுக்கிக் கட்டிய மரத்துக்கு அந்த வேலையே இல்லை. நான் எரு வைத்து மேலே இழுத்ததோடு, கட்டிவைத்துத் தடிக்கவும் விடவில்லை.

சித்திரைக் காத்து

நம் பக்கத்துக் கோடை மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை கால்மணி நேரம், அதற்கு முன்னால் காத்து அரைமணி நேரம். மோகனூர்ப் பக்கம் வாழை வைத்தவர்களைக் கேட்டால் சித்திரை, வைகாசி என்றாலே வயிறு கலங்கும் என்பார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அந்தக் காத்து எங்க காட்டின் மேல் ஏறியது.

விடிந்து போய் எண்ணினேன். பாதியில் முறிந்தது அறுபத்து மூன்று. வேரோடு சாய்ந்தது நூற்று எழுபதுக்கு மேல். குச்சியில் கட்டியிருந்த இடத்துக்கு மேலே சில மரங்கள் கரும்பு ஒடிந்த மாதிரி ஒடிந்திருந்தன. ஒடிந்த இடத்தில் நகத்தால் கீறினால் உரிகிறது. அதற்குள் தண்ணீரும் நாரும்தான், மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரி சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், “ஏனுங்க, மேக்கால வரப்போரத்து மரம் ஒண்ணுகூடச் சாயலையே, பாத்தீங்களா?”

பார்த்தேன். மேற்கு வரப்பு ஓரம் பதினொரு மரம். அங்கே பழைய கற்குவியல் ஒன்று இருப்பதால் டிப்பர் போக முடியவில்லை. குப்பையைக் கூடையில் சுமந்துபோய்ப் போட ஆள் இல்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது அப்படியே நின்றுபோயிற்று. அந்த மரங்கள் மற்றதைவிட ஆறேழு அடி குட்டை. கூட்டத்தில் பேசியபோது அவற்றைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அந்தப் பக்கம் தூரைச் சுற்றி ஏதோ கிடந்தது. “அது நாந்தான் போட்டேன். மாடு தின்னாத சோளத்தட்டு, கடலைத் தொலி எல்லாம் கட்டுத்தரையில சேந்து கெடந்துச்சு. எங்க கொட்றதுன்னு தெரியாம அங்க கொண்டுபோய்க் கொட்டிட்டேன்” என்றாள். ஒரு வருசமாகக் கொட்டியிருக்கிறாள். ஒரு முழங்கை ஆழத்துக்கு மக்கிக் கிடந்தது.

டேப்பை எடுத்து நெஞ்சு உசரத்தில் சுற்றளவு எடுத்தேன். சாயாமல் நின்ற எருப்போட்ட மரங்களுக்கும் வரப்போர மரங்களுக்கும் சுற்றளவில் வித்தியாசம் ஒரு விரல்கடைகூட இல்லை. சில இடத்தில் வரப்போரத்து மரமே பருமன். பிளைவுட்டுக்கு வாங்குகிறவர் வந்தால் நெஞ்சு உசரத்தில்தான் டேப்பைச் சுற்றுகிறார், வானத்தைப் பார்ப்பதில்லை. இது எனக்கும் தெரியும். தெரிந்துதான் பதினாறு மாசமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேரைக் கழுவிப் பார்த்தது

சாய்ந்த மரம் ஒன்றையும், வரப்போரத்தில் நின்ற மரம் ஒன்றையும் தேர்ந்தெடுத்தோம். மண்வெட்டி போட்டால் வேர் அறும். அதனால் மோட்டாரைப் போட்டு, குழாய் முனையைக் குறுக்கி, தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து எடுத்தோம். அரை நாள் வேலை. நின்ற மரத்துக்கு ஒரு பக்கம் மட்டும்தான் திறந்தோம்.

சாய்ந்த மரத்தின் வேர் குழிக்குள்ளேயே இருந்தது. ஆகர் போட்ட இரண்டு அடி குழி, அதே உருளை வடிவத்தில் சல்லி வேர்ப் பந்து. பூந்தொட்டியிலிருந்து பிடுங்கிய மாதிரி. வெளியே போன வேர் நாலோ ஐந்தோதான், அதுவும் சுண்டுவிரல் தடிமன். ஏன் போகவில்லை? இரண்டு காரணம் தெரிந்தது. ஒன்று, தின்னத் தீனியும் குடிக்கத் தண்ணீரும் தூரிலேயே கிடைக்கிறது, எதற்கு வெளியே போக வேண்டும்? இரண்டு, குழியின் சுவர். ஈரமாக இருக்கும்போது ஆகர் சுற்றியதில் சுவர் முழுவதும் சிமெண்ட் பூசிய மாதிரி வழவழ என்று இறுகிப்போயிருந்தது. வேர் போய் முட்டி, திரும்பி, சுற்ற ஆரம்பித்துவிட்டது. ரிக் ஓட்டின எனக்கு இது தெரியாது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆழ்துளைச் சுவரில் களி பூசிக்கொண்டால் ஊற்றே அடைபடும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தவன்.

தூரை ஒட்டிக் குப்பை கிடந்த பக்கம் பட்டை கறுத்து ஊறியிருந்தது. அந்தப் பக்கத்து மேல்வேர்கள் கருகிக் காய்ந்த நூலாகத் தொங்கின.

வரப்போர மரத்தில் மக்கிய தட்டை விலக்கியதும், அரையடி ஆழத்திலேயே கட்டைவிரல் தடிமனில் வேர் ஓடுவது தெரிந்தது. அதைத் தொடர்ந்து கழுவிக்கொண்டே போனோம். பன்னிரண்டு அடி தாண்டியும் முடியவில்லை. கற்குவியலுக்கு அடியில் புகுந்துவிட்டது. அந்தப் பதினொரு குழிகளும் கடப்பாரையால் கையில் போட்டவை. ஆகரும் அந்தப் பக்கம் போகவில்லையல்லவா.

யூரியா தொடாத என் யூரியாக் கணக்கு

இதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அரைகுறையாகக் காய்ந்த முட்டைக்கோழிக் குப்பையில் தழைச்சத்து சுமார் 2 சதவீதம், நன்றாகக் காய்ந்தால் 3 வரை. தொழு உரத்தில் அரை சதவீதத்தைச் சுற்றி. நான் ஒரு மரத்துக்குப் பத்து மாசத்துக்குள் போட்டது 20 கிலோ. குறைத்துப் பார்த்தாலும் 400 கிராம் தழைச்சத்து. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். அப்படியென்றால் ஒரு வயது ஆகாத கன்றுக்கு 850 கிராம் யூரியாவுக்கு மேல் சமமானதை நான் ஊட்டியிருக்கிறேன்! கோழி எச்சத்தில் தழைச்சத்து பெரும்பாலும் யூரிக் அமிலமாக இருக்கிறது. ஈரம் பட்டதும் விறுவிறுவென அம்மோனியாவாக மாறும். கண்ணைக் கரிக்கும் அந்த வாசம் அதுதான். வேரைக் கருக்குவதும் அதுவே.

ஒப்பிட்டுப் பாருங்கள். வேளாண் பல்கலைக்கழகம் மாமரத்துக்குச் சொல்லும் அளவு, முதல் வருசம் தொழு உரம் 10 கிலோ, வருசத்துக்குப் பத்துப் பத்து கூட்டி, ஆறாம் வருசத்திலிருந்து 50 கிலோ. கூடவே ரசாயன உரமும் சொல்கிறார்கள், அதை நாம் விட்டுவிடுவோம். எங்கே வைக்கச் சொல்கிறார்கள் என்பதைப் பாருங்கள். தண்டிலிருந்து 45 முதல் 90 செ.மீ. தள்ளி, இலை விளிம்பு நிழல் விழும் எல்லைவரை. ரசாயனக்காரர்களே தூரில் வைக்கச் சொல்லவில்லை. இயற்கை வழி என்று பேசும் நான் தூரில் கொட்டினேன்.

தழைச்சத்து கூடினால் மரம் மேலே அதிகமாகப் போட்டு, வேரில் குறைவாகப் போடும். இது மரத்தின் சுபாவம். தலை பெருத்து, கால் சிறுத்துவிடும். இளசான இலைக்கும் தண்டுக்கும் புழுவும் அசுவினியும் தேடி வரும். அதற்கு நான் வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்துக்கொண்டிருந்தேன். நோயை நானே கூப்பிட்டு, மருந்தையும் நானே அரைத்தேன்.

பூசாவில் ஒருவர் தோண்டிப் பார்த்தது

இந்த வேர்க்கதையைக் கூட்டத்தில் சொன்னபோது, ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவர், “நீங்க செஞ்சதை நூறு வருசம் முன்னாடியே ஆல்பர்ட் ஹோவார்ட் செஞ்சுட்டாருங்க” என்றார். இந்தூர் முறைக் கம்போஸ்ட் என்ற பேரில் நமக்கெல்லாம் தெரிந்த அதே ஹோவார்ட்தான். 1905இல் பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தவர், இந்தூருக்குப் போவதற்கு முன்னால் பழமரங்களின் வேரைத் தோண்டித் தோண்டிப் பார்த்திருக்கிறார். மா, கொய்யா, சீத்தா, லிச்சி, எலுமிச்சை எல்லாம் வைத்து, சிலவற்றின் அடியில் புல் வளரவிட்டு, சிலவற்றைச் சுத்தமாக வைத்து ஒப்பிட்டார். 1925இல் அதை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளியிட்டார்.

அவர் கண்டது இதுதான். கன்றாக இருக்கும்போதே அடியில் புல் படர்ந்தால் மரம் குட்டையாகிப் போகிறது. சில வகைகள் செத்தே போயின. நன்றாக வேர்விட்டு வளர்ந்த பிறகு புல் வந்தால் அவ்வளவு பாதிப்பில்லை. மரத்துக்கு மேல்வேர், ஆழ்வேர் என்று இரண்டு அடுக்கு உண்டு, மழைக்காலத்தில் மேலடுக்கும் கோடையில் கீழடுக்கும் வேலை செய்கின்றன என்றும் காட்டினார். புல்லுக்கு அடியில் மண்ணில் கரியமில வாயு கூடி, வேருக்குக் காற்று கிடைக்காமல் போவதுதான் காரணம் என்றார்.

அவருக்கும் முன்னால், இங்கிலாந்தில் வோபர்ன் என்ற இடத்தில் 1894இல் தொடங்கிய பழத்தோட்டச் சோதனையில் பிக்கரிங் என்பவர் ஆப்பிள் கன்றுகளில் இதையே பார்த்தார். புல் விட்ட கன்று வளரவே இல்லை. புல்லிலிருந்து ஏதோ நஞ்சு வருகிறது என்று அவர் நினைத்தார். காற்றா, நஞ்சா, தண்ணீரா என்ற வாதத்தில் நான் இறங்கமாட்டேன். நம் மாதிரி வறண்ட ஊரில் புல்லும் கன்றும் ஒரே தண்ணீருக்கும் ஒரே சத்துக்கும் அடித்துக்கொள்கின்றன என்பது கண்ணுக்கே தெரிகிறது. அருகும் கோரையும் தூர்வரை ஏறிய கன்றுக்கு நீங்கள் எவ்வளவு எரு வைத்தாலும் அது முதலில் அருகுக்குத்தான் போகும்.

வீட்டுக்காரி கொட்டிய சோளத்தட்டு என்ன செய்தது என்று அப்போதுதான் விளங்கியது. எருவாக அது கொடுத்தது கொஞ்சம்தான். புல்லை முளைக்கவிடவில்லை. வெயிலை மண்ணில் படவிடவில்லை. மண்புழு வந்து மண்ணைத் துளைத்துக் காற்றை உள்ளே விட்டது. வேர் மேலாக ஓடிப்போக ஒரு பாதை கிடைத்தது. கன்று சீக்கிரம் வளர்வதென்றால் முதல் இரண்டு வருசத்துக்கு வேர் சீக்கிரம் ஓடுவதுதான். மேலே தெரிவதெல்லாம் அப்புறம் வந்து சேர்ந்துகொள்ளும்.

இப்போது செய்வது

விழுந்த இடங்களில் திரும்ப நட்டேன். இந்த முறை எல்லாம் மலைவேம்பு இல்லை. பூவரசு, வேம்பு, குமிழ், மகோகனி என்று கலந்துவிட்டேன். ஒரே உசரத்தில் ஒரே மரம் நின்றால் காத்துக்கும் அது ஒரே சுவர்தான்.

குழியை ஆழமாகப் போடுவதில்லை. பாக்கெட் எவ்வளவு ஆழமோ அவ்வளவுதான். அகலம் மட்டும் மூன்று அடி, மண்ணைக் கொத்திப் பொலபொல என்று விடுகிறேன். ஆள் கிடைக்காமல் ஆகர் போட்டே ஆகவேண்டும் என்றால், குழிச் சுவரைக் கடப்பாரையால் நாலு பக்கமும் குத்திக் கீறிவிடுங்கள். ஐந்து நிமிச வேலை. குழிக்குள் எரு போடுவதை நிறுத்திவிட்டேன். எடுத்த மேல்மண்ணையே திரும்பப் போடுகிறேன். இதற்கு நம்மில் பலர் சண்டைக்கு வருவார்கள், எனக்குத் தெரியும். அமெரிக்காவில் ஓக்லஹோமாவில் விட்கோம்ப் என்பவர் 1970களில் குழிக்குள் பலவிதக் கலவை போட்டும் போடாமலும் மரங்களை நட்டுப் பார்த்து, எடுத்த மண்ணையே போடுவதுதான் நல்லது என்று சொன்னார். மக்கிய எரு போடாமல் மனசு கேட்காது என்றால் இரண்டு கை போடுங்கள், பாவமில்லை.

பாக்கெட்டைக் கிழித்ததும் அடியில் வேர் சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள். சுருண்டிருந்தால் கத்தரியால் அந்த அடிச்சுருளை வெட்டிவிடணும். தயங்க வேண்டாம். இன்றைக்குச் சுருண்ட வேர் பத்து வருசம் கழித்தும் சுருண்டேதான் இருக்கும், மரம் தன்னைத் தானே நெரித்துக்கொள்ளும்.

நட்ட பிறகு தூரைச் சுற்றி மூன்று அடி வட்டத்துக்குப் புல் பூண்டு கிடையாது. அதன் மேல் நாலு விரற்கடைக்குக் குறையாமல் மூடாக்கு. சோளத்தட்டு, கடலைத் தொலி, கரும்புச் சோகை, தென்னை மட்டை, எது கிடைக்கிறதோ அது. தண்டை ஒட்டிப் போடக்கூடாது, ஒரு சாண் விட்டுவிடணும். இல்லாவிட்டால் கரையானும் எலியும் பட்டையில் கைவைக்கும். நம் செவ்வலில் கரையான் தொந்தரவு நிஜம்தான். மூடாக்கு ஈரமாகவே இருந்தால் கரையானுக்கு அதைத் தின்பதே போதுமானதாக இருக்கிறது. காயவிட்டால்தான் கன்றுக்கு வருகிறது.

எரு மூடாக்குக்கு அடியில், வட்டத்தின் வெளி விளிம்பில். முதல் மழைக்கு மக்கிய தொழு உரம் ஐந்து கிலோ, இரண்டாம் வருசம் பத்து. அவ்வளவுதான். மாசம் ஒரு தரம் ஜீவாமிர்தம் ஒரு லிட்டர், அதையும் விளிம்பில்தான் ஊற்றுகிறேன். ஒவ்வொரு ஆடியிலும் சொட்டுநீர் முனையை ஒன்றரை அடி வெளியே நகர்த்துகிறேன். இந்த ஒரு வேலையைச் செய்யாதவர்கள்தான் அதிகம். நட்ட அன்றைக்கு வைத்த இடத்திலேயே ஐந்து வருசம் சொட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் எங்கே நிற்கிறதோ வேரும் அங்கேயே நின்றுவிடும்.

வரிசைக்கு நடுவே கொழுஞ்சியும் சணப்பும் விதைத்து, பூ எடுக்கும் நேரத்தில் வெட்டி மூடாக்காகப் போடுகிறேன். முதல் வருசம் வட்டத்துக்குள் அதைக்கூட விடுவதில்லை. குச்சி கட்டுவதென்றால் தளர்வாக, இடுப்பு உசரத்துக்குக் கீழே, ஒரு வருசத்துக்குள் அவிழ்த்துவிடணும்.

மாங்கன்று மஞ்சளானது

மலைவேம்பு விழுந்தது எல்லாருக்கும் தெரிந்தது. வீட்டுப் பக்கத்து முப்பது மாங்கன்று மஞ்சளானது எனக்கும் வீட்டுக்காரிக்கும்தான் தெரியும். அதற்கும் அதே கோழிக் குப்பைதான் போட்டிருந்தேன். இளந்தளிர் மட்டும் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் ஒரு கூடை போட்டேன். இன்னும் மஞ்சளானது.

இது இரும்புச்சத்து எடுக்க முடியாத மஞ்சள். சுக்கான் நிலத்தில் சுண்ணாம்பு அதிகம். மண்ணில் இரும்பு இருக்கும், வேரால் கரைத்து எடுக்க முடியாது. முட்டைக்கோழிக்குத் தீவனத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் போடுகிறார்கள், முட்டை ஓட்டுக்காக. மீந்தது எச்சத்தில் வருகிறது. சுக்கான் நிலத்துக்கு நான் கூடை கூடையாகச் சுண்ணாம்பு சுமந்திருக்கிறேன்! சேலத்தில் வெள்ளைக்கல் வெட்டும் பக்கமும், நம் பக்கம் சுக்கான் ஓடும் காடுகளிலும் மா, கொய்யா, எலுமிச்சை வைக்கிறவர்கள் இதைக் கவனிக்கணும். ஒரு கைப்பிடி மண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அங்கே கோழிக் குப்பை வேண்டாம். பசுந்தாள், இலைமக்கு, மேட்டுப்பாத்தி இவைதான் கைகொடுக்கும். மக்கும்போது வரும் அமிலம் வேரருகே கொஞ்சம் இரும்பைக் கரைத்துக் கொடுக்கும். என் மாங்கன்று தேற இரண்டு மழைக்காலம் பிடித்தது. அவசரத்துக்கு அன்னபேதி உப்புக் கரைசலை இலையில் தெளிக்கலாம் என்பார்கள். சான்று வாங்கியவர்கள் அதற்கும், கூண்டுப் பண்ணைக் குப்பைக்கும் முன்கூட்டியே சான்றளிக்கும் துறையில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அந்த மூன்று பேர்

என் காட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போன மூன்று பேரில் இரண்டு பேர் இன்னும் நடவே ஆரம்பித்திருக்கவில்லை. மூன்றாவது தம்பி கடன் வாங்கி ஆறு டிப்பர் இறக்கி, பாதிக் குழிக்குப் போட்டும்விட்டான். காத்தடித்த மூன்றாம் நாள் அவன் காட்டுக்குப் போனேன். “அண்ணா, உங்களுது விழுந்துருச்சாமே” என்றான். ஆமாம் என்றேன். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. அவன் அப்பா டீ போட்டுக் கொடுத்தார். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நட்ட கன்றுகளில் குழிக்கு மேலே கிடந்த குப்பையை நாங்கள் சேர்ந்து வெளி விளிம்புக்கு இழுத்துவிட்டோம். இறக்கிப் போட்டிருந்த மீதிக் குப்பையை வீணாக்கவில்லை. சோளத்தட்டும் தென்னைநார்க் கழிவும் கடலைத் தொலியும் வாங்கி, ஒரு பங்கு குப்பைக்கு மூன்று பங்கு தட்டு என்று அடுக்கு அடுக்காகப் போட்டுத் தண்ணீர் தெளித்து, இருபது நாளைக்கு ஒருமுறை புரட்டினோம். முதல் வாரம் கையை உள்ளே விட முடியாத சூடு. நாலு மாசம் ஆனது. அம்மோனியா வாசம் அறவே போய், மழை பெய்த மண் வாசம் வந்த பிறகுதான் எடுத்தோம். கோழிக் குப்பையே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. பச்சையாக, தூரில், அளவில்லாமல் போட்டதுதான் என் தப்பு. மக்கியதை அவன் கத்தரிக்கும் மிளகாய்க்கும் போட்டு நல்ல மகசூல் எடுத்தான். மரத்துக்கு மட்டும் விளிம்பில் இரண்டு கிலோ.

என் மூத்தவள் இப்போது கல்லூரி இரண்டாம் வருசம். கட்டணத்துக்குக் கடலைக்காசும் மாட்டுக்காசும்தான் போகிறது. மரம் இன்னும் நிற்கிறது, கணக்குப் போட்டதைவிட இரண்டு மூன்று வருசம் தள்ளிப்போகும். வரப்போரத்து மரங்கள்தான் முதலில் வெட்டுக்கு வரும் போலிருக்கிறது.

வரப்போரத்தில் வேரைத் திறந்த குழியை அன்றைக்கே மூடிவிட்டோம். இந்த வருசம் கூட்டத்தில் கேட்டார்கள் என்று பக்கத்து மரத்துக்கு மறுபடி ஒரு பக்கம் மட்டும் கழுவித் திறந்து, வேர் காயாமல் ஈரச்சாக்கு போர்த்தி வைத்திருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அந்தக் குழியோரத்தில்தான். பார்க்க நினைப்பவர்கள் அதற்குள் வந்துவிடுங்கள். அன்றைக்குச் சாயங்காலமே மண்ணைப் போட்டு மூடி, மேலே தட்டைப் பரப்பிவிடணும்.